277 கிலோமீட்டருக்கு 931 கிலோமீட்டர்

கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 277 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் அது உடுமலைக்கு மேலே போகும். தேனியைத் தொடும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி இறங்கும். கோவில்பட்டியைத் தாண்டினால் வாகைகுளம். ஏடிஆர் என்னும் சிறிய விமானம் ஒன்று இந்தக் கோட்டில் பறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தரையிறங்கிவிடும்.

அந்த விமானம் இல்லை.

கோவையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்க வேண்டியவர் இன்று முதலில் வடகிழக்கே சென்னைக்குப் போகிறார். 404 கிலோமீட்டர். அங்கே இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறித் தெற்கே திரும்புகிறார். 527 கிலோமீட்டர். 277 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊருக்கு அவர் 931 கிலோமீட்டர் பறக்கிறார். சென்னை வேண்டாம் என்றால் பெங்களூரு வழி இருக்கிறது. அது ஏறத்தாழ 746 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஓர் ஊரிலிருந்து தமிழ்நாட்டின் இன்னோர் ஊருக்குப் போக, கர்நாடகத் தலைநகரில் இறங்கி ஏற வேண்டும்.

இது ஒரு நாள் கோளாறு அன்று. மழையாலோ மூடுபனியாலோ நேர்ந்ததும் அன்று. திட்டமிட்டவர்கள் செய்த பிழை இது. திருத்த வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து பீளமேடு போய்ச் சேர முக்கால் மணி. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக உள்ளே நுழைய வேண்டும். சென்னை வரை ஒரு மணி பத்து நிமிடம். அங்கே அடுத்த விமானத்துக்காகக் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம். பிறகு தூத்துக்குடி வரை ஒன்றரை மணிக்கு மேல். வாகைகுளத்தில் பெட்டியை எடுத்து வெளியே வந்து ஊருக்குள் போக இன்னும் ஒரு மணி. மொத்தம் ஏழரை முதல் எட்டரை மணி நேரம்.

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் ஏறி, பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று போகும் பேருந்து தூத்துக்குடி சேர எட்டு மணி நேரம் ஆகிறது. காரில் போனால் ஆறரை. விமானத்தில் போகிறவரைக் காரில் போகிறவர் முந்துகிறார். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் பறக்கும் இயந்திரம் நெடுஞ்சாலையிடம் தோற்கிறது. அது தோற்பது இயந்திரத்தின் குறையால் அன்று. அதைச் சுற்றுவழியில் அனுப்பியவர்களின் குறையால்.

ரயிலும் கைகொடுப்பதில்லை. கோவையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் ரயில்களில் ஏறி, வாஞ்சி மணியாச்சியில் இறங்கி, தூத்துக்குடிக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். கொரோனா காலத்துக்கு முன்பு தூத்துக்குடிக்கென்று இணைப்புப் பெட்டிகள் ஓடின. அவை நின்றன. 2024 ஜூலையில் மேட்டுப்பாளையம் - தூத்துக்குடி ரயில் வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற ஐந்து நாளும் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. ஆலையில் இயந்திரம் ஓடுகிறது. வீட்டில் சாவும் நடக்கிறது.

சாவு என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது.

இதை எழுதுபவருக்கு ஒரு நாள் காலை எட்டரை மணிக்குக் கோவையில் தொலைபேசி வந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து அம்மா பேசினார். "பெரியப்பா தவறிட்டாவ. மூணு மணிக்கு எடுத்துருவாவ. மொகம் பாக்கணும்னா இப்பவே கெளம்பி வந்துரு." கையிலிருந்த போனிலேயே விமானம் தேடினேன். திரையில் முதல் வரியில் வந்தது சென்னை வழி. சேரும் நேரம் மாலை. இரண்டாவது வரியில் பெங்களூரு வழி. சேரும் நேரம் இரவு. மூன்றாவது வரி இல்லை.

ஒன்பது மணிக்குக் காரில் ஏறினேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது பதினொன்று. மதுரைச் சுற்றுச்சாலையில் பன்னிரண்டரை. எட்டயபுரத்தில் அண்ணன் கூப்பிட்டார். "எங்க வாற?" இடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "அரை மணி நேரம் நிப்பாட்டி வைக்கச் சொல்லுதேன். அதுக்கு மேல ஊர்ல சம்மதிக்க மாட்டாவ." மூன்றரை வரை வைத்திருந்தார்கள். நான் போனபோது மணி நாலேகால். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தாமிரபரணிப் படித்துறைக்குப் போன மனிதரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

முற்பகலில் ஒரு நேரடி விமானம் இருந்திருந்தால் பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பந்தலில் இருந்திருப்பேன். வாகைகுளத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் பக்கம்.

இந்தத் துயரம் ஒரு குடும்பத்தோடு நிற்பது அன்று. கோவையிலும் திருப்பூரிலும் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்து, இரண்டு மூன்று தலைமுறையாகக் கொங்கு நாட்டில் வேர் பிடித்தவர்கள் அவர்கள். ஊரில் கொடை என்றால் போகிறார்கள். கல்யாணம் என்றால் போகிறார்கள். சாவென்றால் அடித்துப் பிடித்துப் போகிறார்கள். எதிர்த் திசையில், கண் சிகிச்சைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து கோவை மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த உடம்போடு எட்டு மணி நேரம் பேருந்தில் திரும்புகிறார்கள்.

வணிகத்தின் கணக்கு இன்னும் பெரிது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் கன்டெய்னர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. திருப்பூருக்கு அருகிலுள்ள விமான நிலையம் கோவை. துறைமுகத்துக்கு அருகிலுள்ள விமான நிலையம் வாகைகுளம். சரக்கு போகிற பாதையில் மனிதர் போக விமானம் இல்லை. சுங்கத்தில் ஒரு பெட்டி நின்றுவிட்டால், கம்பெனியின் ஆள் அசல் காகிதங்களோடு இரவுப் பேருந்து ஏறுகிறார். காலையில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலக வாசலில் தூக்கம் கலையாத கண்ணோடு நிற்கிறார். வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பப் பேருந்து. அரை நாள் வேலைக்கு இரண்டு இரவுகள்.

இப்போது தெற்கில் தொழில் பெருகுகிறது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. கூடங்குளம் நெடுநாளாக இருக்கிறது. வார்ப்படமும் பம்பும் வாகன உதிரிபாகமும் செய்கிற ஊர் கோவை. தூத்துக்குடியையும் கோவையையும் ஒரே பிற்பகலில் போய் வரும் தூரத்தில் வைத்திருக்க வேண்டியது அரசின் வேலை. அந்த வேலை நடக்கவில்லை.

நடந்தது வேறு. 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். பரப்பு 17,340 சதுர மீட்டர். ஆண்டுக்கு இருபது லட்சம் பயணிகளைக் கையாளும் கொள்ளளவு. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. இவை வரவேற்க வேண்டியவை. வரவேற்றோம். ஆனால் 3,115 மீட்டர் ஓடுபாதை யாருக்காக? அதன் ஒரு முனையிலிருந்து எழும் விமானம் கோவைக்குப் போவதில்லை என்றால், கொங்கு மண்டலத்துக்கும் பொருநைக் கரைக்கும் நடுவில் அந்தக் காங்கிரீட் என்ன செய்துவிட்டது?

ஓடுபாதை நீளாததால்தான் இதுவரை முடியவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1992 முதல் வாகைகுளத்தில் விமான நிலையம் இருக்கிறது. பழைய 1,350 மீட்டர் ஓடுபாதையிலேயே சென்னையிலிருந்து ஏடிஆர் விமானங்கள் வந்து இறங்கின. கோவையிலிருந்தும் வந்திருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வாய்ப்பு திறந்தே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

தூரம் குறைவு, கட்டுப்படியாகாது என்பது அடுத்த சாக்கு. சென்னைக்கும் திருச்சிக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 294 கிலோமீட்டர். நல்ல ரயில் இருக்கிறது. நல்ல சாலை இருக்கிறது. தினமும் விமானங்களும் போகின்றன. பெங்களூருக்கும் கோவைக்கும் 250 கிலோமீட்டர். அங்கும் போகின்றன. பெங்களூருக்கும் சேலத்துக்கும் வெறும் 161 கிலோமீட்டர். அங்கேயும் பறக்க விட்டார்கள். 161 கிலோமீட்டருக்குக் கட்டுப்படியாகும் கணக்கு 277 கிலோமீட்டருக்கு எப்படிக் கட்டுப்படியாகாமல் போகும்? ஒரு முனையில் பெருநகரம் இருந்தால் தூரம் சரியான தூரமாகிவிடுகிறது. இரு முனையிலும் நம் ஊர்கள் இருந்தால் அதே தூரம் குறைந்த தூரமாகிவிடுகிறது. இந்தக் கணக்கை நாம் ஏற்கவில்லை.

எல்லா இரண்டு ஊர்களுக்கும் நடுவில் விமானம் விடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. மதுரைக்கும் திருச்சிக்கும் 123 கிலோமீட்டர். அதற்குச் சாலையும் ரயிலும் போதும். கோவைக்கும் மதுரைக்கும் 175. அங்கே வேண்டியது வேகமான ரயில். அங்கே விமானம் கேட்பது வீம்பு. கோவை - தூத்துக்குடி அப்படிப்பட்டதன்று. சாலையில் 350 கிலோமீட்டர், ஆறரை மணி. வானத்தில் 277 கிலோமீட்டர், ஒரு மணி. சிறிய விமானத்துக்கென்றே அளந்து வைத்த தூரம் இது.

எரிபொருள் வரி பற்றிச் சொல்வார்கள். ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்களுக்கு விற்கும் எரிபொருளின் மேல் மாநிலங்கள் விருப்பம்போல் வரி போட முடியாது. மத்திய விற்பனை வரிச் சட்டம் அதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. தரையிறங்கும் கட்டணம் பற்றிச் சொல்வார்கள். எண்பது இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் நிலையங்களில் அந்தக் கட்டணத்தையே நெடுங்காலமாக வாங்குவதில்லை. சலுகை கொடுத்தாயிற்று. சலுகையை வாங்கிக்கொண்டாயிற்று. விமானம் மட்டும் வரவில்லை.

இனி, சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்க வந்த உடான் திட்டத்துக்கு வருவோம். இந்தத் தலையங்கத்தின் முக்கியமான குற்றச்சாட்டு அங்கேதான் இருக்கிறது.

2016 அக்டோபரில் திட்டத்தை அறிவித்தார்கள். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்கு முதல் விமானத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் போக வேண்டும் என்பது வாக்குறுதி. ஐந்நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம், 2,500 ரூபாய் என்று கட்டண வரம்பும் சொன்னார்கள். கோவை - தூத்துக்குடிப் பயணம் அந்த வரம்புக்குள் அச்சாகப் பொருந்துகிறது. தூரம் பொருந்துகிறது. நேரம் பொருந்துகிறது. பயணியும் பொருந்துகிறார்.

விதி பொருந்தவில்லை. விமானமே வராத நிலையம், அல்லது வாரத்துக்கு ஏழு புறப்பாட்டுக்கு மேல் இல்லாத நிலையம் ஒரு முனையிலாவது இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை விதி. கோவைக்கு ஏற்கெனவே விமானங்கள் உண்டு. தூத்துக்குடிக்கும் ஏற்கெனவே விமானங்கள் உண்டு. ஆகவே இரண்டும் சேவை பெற்ற நிலையங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விமானமும் இல்லை என்பது அந்த விதியின் கண்ணில் படவே இல்லை.

விதியை எழுதியவர்கள் நிலையங்களை எண்ணினார்கள். பயணங்களை எண்ணவில்லை. சென்னையிலிருந்து ஒரு விமானம் வந்து போனால் தூத்துக்குடிக்கு விமான வசதி கிடைத்துவிட்டது என்று பட்டியலில் குறித்துக்கொண்டார்கள். தூத்துக்குடிக்காரர் எங்கே போக நினைக்கிறார் என்று கேட்கவில்லை. கோவைக்காரர் எங்கிருந்து வந்தவர் என்று கேட்கவில்லை. ஊர்களைத் தலைநகரத்தோடு கட்டிப்போட்டார்கள். ஊரை ஊரோடு இணைக்கவில்லை.

பழைய விதி ஒன்றும் இருக்கிறது. 1994 முதல், லாபம் கொழிக்கும் பெருவழித் தடங்களில் பறக்கும் நிறுவனங்கள் தங்கள் கொள்ளளவில் ஒரு பங்கை மற்ற தடங்களிலும் பறக்க விட வேண்டும் என்பது கட்டாயம். நல்ல நோக்கத்தில் பிறந்த விதி. ஆனால் அதுவும் இருக்கைகளைத்தான் எண்ணுகிறது. சிறிய ஊரைப் பெருநகரத்தோடு இணைத்தே அந்தக் கணக்கை நேர் செய்துவிடலாம். சிறிய ஊரைச் சிறிய ஊரோடு இணைத்தாக வேண்டும் என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வரியை யாரும் சேர்க்கவில்லை.

உடான் திட்டத்துக்குள் வந்த ஊர்களின் கதி என்ன? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் அறிக்கை தந்தார். ஏலத்தின் மூன்றாம் சுற்று வரை 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை நிலைத்தவை 54. எழுநூற்று எழுபத்து நான்கில் ஐம்பத்து நான்கு. நூற்றுக்கு ஏழு. நாட்டின் தணிக்கை அமைப்பு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு இது. இதற்குப் பிறகும் எந்த நாற்காலியும் அசையவில்லை.

தமிழ்நாட்டின் பங்கும் இதே கதைதான். சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்தது. 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காமலாபுரத்திலுள்ள சேலம் நிலையம் பூட்டாத குறையாகக் கிடந்தது. வேலூர், நெய்வேலி, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று பட்டியலில் பெயர்கள் ஏறின. அந்த ஊர்களின் மக்கள் ஆண்டுதோறும் அறிவிப்பைப் படித்தார்கள். விமானத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மற்ற உள்நாட்டு வழித்தடங்களில் பறக்கும் ஜெட் விமானங்களின் ஒவ்வொரு புறப்பாட்டின் மேலும் ஒரு தீர்வை போடப்பட்டிருக்கிறது. அது கடைசியில் பயணச்சீட்டின் விலையில்தான் வந்து விழுகிறது. ஆக, கோவையிலிருந்து சென்னைக்கு ஜெட்டில் ஏறுகிறவர் உடானுக்குப் பணம் கட்டுகிறார். தூத்துக்குடிக்குப் போவதற்காகச் சென்னை சுற்றுகிறவரும் கட்டுகிறார். தனக்குக் கிடைக்காத நேரடி விமானத்தின் பெயரால் நடக்கும் திட்டத்துக்கு, சுற்றுவழியில் போகும் ஒவ்வொரு முறையும் அவர் பணம் கட்டுகிறார்.

2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் திருத்திய உடான் திட்டம் அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் 120 புதிய இடங்கள், நான்கு கோடிப் பயணிகள். மறுபடியும் இடங்களின் எண்ணிக்கை. மறுபடியும் தலைகளின் எண்ணிக்கை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ற கேள்வி மறுபடியும் விடுபட்டிருக்கிறது. ஒரு முறை செய்தால் கவனக்குறைவு. தணிக்கை அறிக்கை வந்த பிறகும் செய்தால் அலட்சியம்.

சென்னையைப் பற்றியும் ஒரு சொல். மீனம்பாக்கம் விமான நிலையம் நிரம்பிவிட்டது, இனி தாங்காது என்று சொல்லித்தான் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையத்துக்கு நிலம் கேட்கிறார்கள். நிலம் தர மறுத்து ஏகனாபுரத்து உழவர்கள் 2022 முதல் போராடுகிறார்கள். அதே சமயம், சென்னையில் எந்த வேலையும் இல்லாத பயணிகளைச் சென்னையில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கோவைக்காரர் தூத்துக்குடிக்குப் போகும் வழியில் மீனம்பாக்கத்தின் ஓடுபாதையை இரண்டு முறை பயன்படுத்துகிறார். ஒருமுறை இறங்க, ஒருமுறை ஏற. அந்த நெரிசலை உண்டாக்கியவர் பயணியல்லர். அவரை அங்கே அனுப்பியவர்கள்.

யார் பொறுப்பு?

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் பொறுப்பு. விதியை எழுதியது அது. தணிக்கை அறிக்கை போனது அதன் மேசைக்கு. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தடங்களைத் திட்டத்தில் சேர்க்கும் அதிகாரம் அதனிடம்தான் இருக்கிறது.

இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பொறுப்பு. உடான் திட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பு அது. தூத்துக்குடியில் 450 கோடி ரூபாயில் முனையம் கட்டியதும் அதுதான். 2024 ஜனவரியில் திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட முனையம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியதும் அதுதான். கட்டி முடித்த கையோடு வேலை முடிந்தது என்று ஆணையம் நினைக்கக்கூடாது. கட்டிய நிலையத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து ஆள் வரவேண்டும் என்று கேட்பதும் அதன் வேலை.

விமான நிறுவனங்கள் பொறுப்பு. கோவையில் ஏறி, சென்னையில் மாறி, தூத்துக்குடியில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பது அவர்களுடைய கணினியில் இருக்கிறது. ஒரே பயணச்சீட்டில் இரண்டு விமானம் விற்றவர்கள் அவர்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டே தேவை இல்லை என்கிறார்கள். எண்ணை வெளியிடட்டும். பிறகு பேசட்டும்.

மாநில அரசு பொறுப்பு. உடான் தடங்களில் பறக்கும் நிறுவனங்களுக்கான இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தருவது மாநிலம்தான். பணம் கொடுக்கிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. விமான நிலையங்களின் விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்துக் கொடுப்பதும் மாநிலம்தான். எந்தத் தடம் வேண்டும் என்று எழுதிக் கேட்கும் உரிமையை அது ஏன் இதுவரை பயன்படுத்தவில்லை? தொழில் முதலீட்டு மாநாட்டு மேடையில் கோவையையும் தூத்துக்குடியையும் ஒரே மூச்சில் சொல்லும் அரசு, இரண்டுக்கும் நடுவில் ஒரு விமானத்தைக் கேட்டு வாங்கவில்லை.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி. ஆறு மக்களவைத் தொகுதிகள். ஆறு உறுப்பினர்கள். வேறு வேறு கட்சியினராக இருக்கலாம். இந்தத் தடம் ஆறு பேருடையது. ஆறு பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டு அமைச்சரின் மேசையில் வைக்கட்டும். வைத்த நாளை மக்களுக்குச் சொல்லட்டும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. உடான் விதியைத் திருத்த வேண்டும். சேவை பெற்ற இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நேரடி விமானம் இல்லையென்றால் அந்தத் தடத்தைச் சேவை இல்லாத தடம் என்றே கொள்ள வேண்டும். கோவை - தூத்துக்குடித் தடத்துக்கு உடனே ஏலம் விட வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும். நடுவில் நின்றுபோனால் நிறுத்திய நிறுவனம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணத்தை அமைச்சகம் பொதுவில் வைக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தையும் சொல்லிவிடுகிறோம், நேரத்தைத் தவறாக வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று நிறுத்துவது பழக்கமாகிவிட்டதால். காலை ஏழு மணிக்குக் கோவையில் ஒன்று புறப்பட வேண்டும். அதே விமானம் திரும்ப வேண்டும். மாலையில் மறுபடி ஒரு முறை. துறைமுகத்துக்குப் போகிறவர் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். மருத்துவரைப் பார்க்க வருகிறவர் அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒரே ஒரு விமானம், அதுவும் வாரத்துக்கு மூன்று நாள் என்றால் அது யாருக்கும் உதவாது. அப்படிப்பட்ட ஒன்றை விட்டுவிட்டுக் கணக்கை முடித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நாட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை விமான அட்டவணை மாறுகிறது. மார்ச் கடைசி ஞாயிறு கோடைக்கால அட்டவணை. அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒப்புதல் தந்த பிறகே ஒவ்வொன்றும் நடைமுறைக்கு வருகிறது. அடுத்து வரும் அட்டவணையைத் திறந்து பார்ப்போம். அதில் கோவை - தூத்துக்குடி, நேரடி, நாள்தோறும் என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே பொறுப்பென்று சொன்ன ஒவ்வோர் இடத்தின் முகவரிக்கும் இதே கேள்வியை மறுபடி அனுப்புவோம்.